இரண்டு விரற்கடைத் தண்ணீர்

வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் அந்தப் பெண் கேட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, பிறகு நினைவு வந்தவள் போலத் திரும்பினாள்.

"மேடம், உங்க காலத்துல வெண்டிலேட்டரா, சீபேப்பா, எது நல்லதுன்னு எப்படிங்க முடிவு பண்ணுவீங்க?"

நான் ஓய்வு பெற்ற மருத்துவமனை அது. புதியவர்களுக்குப் பேசச் சொல்லி எப்போதாவது கூப்பிடுவார்கள். பச்சிளங் குழந்தைகள் பிரிவில் இப்போது ஒரு சுவர் நீளத்துக்கு இயந்திரங்கள் நிற்கின்றன. மூச்சுத் திணறும் குழந்தைக்கு எதில் தொடங்குவது, எந்தக் கட்டத்தில் எதற்கு மாறுவது என்று அம்புக்குறிகளோடு ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். படம் சரியான படம். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை.

"எதைக் கண்டா அதிகமா பயமோ, அத வெச்சுத்தான் கண்ணு," என்றேன்.

அவள் சிரித்தாள். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பாள். காந்திபுரத்தில் பஸ் மாறி ஏறி உட்கார்ந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சொன்னது வேடிக்கை அல்ல. பாதி பதில். மீதியை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அரசு மருத்துவமனையில் நர்சிங் படித்தேன். பிரசவ வார்டு, காய்ச்சல் வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று சில ஆண்டுகள் போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தேன். மாடியில் ஓர் அறையைப் பச்சிளங் குழந்தைகளுக்கென்று அப்போதுதான் ஒதுக்கியிருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த அறைக்கு நான் பொறுப்பு நர்ஸ் ஆனேன்.

அறையில் ஒரே ஒரு வெண்டிலேட்டர். குழந்தையின் மூச்சுக்குழலுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் வழியே இந்த இயந்திரம் காற்றைத் தள்ளும். நிமிடத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு அழுத்தம் என்பதைத் திருகுகளில் வைக்க வேண்டும். குழந்தை மூச்சு விட மறந்தாலும் இயந்திரம் மறக்காது. அதன் நன்மை அதுதான். பயமும் அதுதான். மாதம் நிரம்பாத குழந்தையின் நுரையீரல் நனைந்த காகிதம் மாதிரி. எங்காவது கிழிந்தாலும் இயந்திரத்துக்குத் தெரியாது. அது வைத்த அழுத்தத்தில், வைத்த கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மின்சாரம் போனால் கைதான். முகமூடி இணைத்த ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுப்போம். கட்டை விரலும் இரண்டு விரலும் மட்டும் படலாம், முழுக் கையால் பிடித்தால் அடி விழும். அடி என்றால் பேச்சடி. கைக்குக் களைப்பு வரும், பதற்றம் வரும், பதற்றத்தில் வேகம் வரும். ஆகவே கையையும் நாங்கள் நம்புவதில்லை.

மூன்றாவது, பாட்டில். இதற்குத்தான் சீபேப் என்று பெயர். இதில் குழந்தை தானே மூச்சு விடும், நாம் தள்ளுவதில்லை. மூச்சை வெளியே விடும்போது நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல், உள்ளே கொஞ்சம் காற்று தங்கும்படி ஒரு சிறு அழுத்தத்தை மட்டும் நிறுத்தி வைக்கிறோம். மூக்கில் இரண்டு குட்டிக் குழல். ஒரு பக்கத்திலிருந்து ஆக்சிஜனும் காற்றும் கலந்து வெதுவெதுப்பாக வரும். மறுபக்கத்துக் குழாயின் நுனி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும். காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாகத்தான் வெளியேற முடியும். நுனி எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ அதுதான் குழந்தையின் நெஞ்சுக்குள் நிற்கும் அழுத்தம். ஐந்து என்றால் ஐந்து. அதை அளக்க மீட்டர் வேண்டாம், பள்ளிக்கூடத்து ஸ்கேல் போதும். குளுக்கோஸ் வந்த கண்ணாடி பாட்டிலைக் கொதிக்க வைத்து, வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுவோம். அவ்வளவுதான் கருவி.

இயந்திரம் அதிகமாகச் செய்துவிடுமோ என்று பயந்தோம். பாட்டில் போதாமல் போய்விடுமோ என்று பயந்தோம். எந்தக் குழந்தைக்கு எந்தப் பயம் பெரியது என்று பார்த்து மற்றதைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன பாதி பதில் இதுதான்.

எங்கள் தலைமை மருத்துவரை டாக்டர் வசந்தா என்று சொல்லிக்கொள்கிறேன். அப்போது ஐம்பதை நெருங்கியிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், எங்களிடம் கோயம்புத்தூர்த் தமிழ். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் மரியாதையாகத்தான் வரும். ஒரு முறை டியூட்டி டாக்டர் பிரபாகர், குழந்தையைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "ஏனுங்க டாக்டர், படம் முடிஞ்சுருச்சுங்களா? இனிக் கொழந்தையப் பாக்கலாமுங்களா?" என்றார். பிரபாகர் அப்போது சின்ன வயசு. காது நுனி சிவந்து போயிற்று.

குழந்தை மோசமாகிறது என்று கூப்பிட்டால் அவர் ஓடி வரமாட்டார், நடந்துதான் வருவார். வந்ததும் இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். கையைக் கழுவிக்கொண்டு, குழந்தையின் மூக்கருகே குழாயில் ஆள்காட்டி விரலை வைப்பார். அங்கிருந்து விரலைக் குழாயின் மேலேயே ஓட்டுவார். மூக்குக் குழல், இணைப்பு, வளைவு, ஈரப்பதம் சேர்க்கும் பாட்டில், ஆக்சிஜன் மீட்டர், சிலிண்டர். மறுபடி மூக்கு. அங்கிருந்து வெளிக் குழாய், கடைசி நுனி. மடிப்பு, கசிவு, தேங்கிய நீர் எல்லாம் விரலுக்குத் தெரிய வேண்டும். "கொழந்தையச் சந்தேகப்படறதுக்கு முன்னால கொழாயச் சந்தேகப்படுங்க. மூக்குல இருந்து ஆரம்பிங்க," என்பார். குழந்தை நீலமாகக் கிடந்தாலும் இதே வரிசை. நாங்கள் தவிப்போம். அவர் விரல் வேகம் கூட்டாது.

விரல் போகும்போதே வாய்க்குள் குழந்தையின் மூச்சை எண்ணுவார். சாதாரண நாளில் தமிழில் எண்ணுவார். எண்ணிக்கை தெலுங்குக்கு மாறினால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அவருக்கே தெரியாமல் மாறும். அந்த அறையில் எந்த அலாரத்தையும்விட எனக்குப் பயம் தந்த சத்தம் அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கியிருந்த நேரம். வெண்டிலேட்டரில் கணபதி என்ற பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை இருந்தது. பிறக்கும் முன்பே கருப்பைக்குள் மலம் கழித்து அதை உள்ளிழுத்துவிட்டது. தானாக மூச்சு விட அதற்குத் தெம்பில்லை. அப்பா சண்முகம், வீட்டையொட்டி லேத் பட்டறை வைத்திருந்தவர்.

காரமடைப் பக்கத்திலிருந்து பழனிசாமி வந்தது ஒரு முற்பகலில். கறிவேப்பிலைத் தோட்டக்காரர். மனைவிக்கு மேட்டுப்பாளையத்தில் ஆபரேஷன் செய்து, மாதம் நிரம்பாத ஆண் குழந்தையை எடுத்திருந்தார்கள். வாடகைக் காரில், பஞ்சில் சுற்றிய குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். நான் வாங்கப் போனபோது கையை விலக்க மறந்து நின்றார். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் குழந்தை முனகியது.

"அழுவறானுங்க சிஸ்டர். வர்ற வழியெல்லாம் அழுதுட்டே வந்தான்," என்றார் நிம்மதியாக.

அது அழுகை இல்லை. ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் நுரையீரலைத் திறந்து வைக்கக் குழந்தை தானே செய்யும் முயற்சி அந்த முனகல். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

டாக்டர் வசந்தா பார்த்தார், எண்ணினார். தமிழில்தான். பாட்டிலில் போடச் சொன்னார். ஐந்து சென்டிமீட்டர். தண்ணீர் குளுகுளுவென்று பேச ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் முனகல் தணிந்தது, விலா எலும்புகளுக்கிடையே விழுந்த பள்ளம் ஆழம் குறைந்தது. காலில் கட்டிய ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதைக் காட்டியது.

பெற்றோரை உள்ளே விடுவது எங்கள் அறையின் வழக்கம். மற்ற இடங்களில் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவார்கள். டாக்டர் வசந்தா கை கழுவி அங்கி போடச் சொல்லி உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். பழனிசாமி உள்ளே வந்து இரண்டு குழந்தைகளையும் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, அந்தக் கொழந்தைக்கு மிசினு, என்ற பையனுக்கு பாட்டலுங்களா?"

"அதுக்கு மிசினு வேணுமுங்க. உங்க பையனுக்கு இது வேணுமுங்க," என்றார் டாக்டர் வசந்தா.

"மிசினு ஒண்ணுதான் இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க, ஏத்துக்கறேன். இதே போதுமுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"மிசினு ஒண்ணுதான் இருக்குதுங்க. அதும் நெசம். இதே போதுங்கறதும் நெசம்."

"ரெண்டும் எப்பிடிங்க நெசமாவும்?"

டாக்டர் வசந்தா பழனிசாமியின் விரலை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார். அது விரலைப் பிடித்துக்கொள்ளவில்லை, வெறுமனே கிடந்தது.

வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. இரண்டு அப்பாக்களும் அதில்தான். மருந்துச் சீட்டோடு நான் போனபோது சண்முகம் பேசிக்கொண்டிருந்தார்.

"மிசினப் பாத்து ஏங்காதீங்க. நா மிசினோடயே பொழைக்கிறவன். லேத்துல பீஸ் மாட்டுனாப்புல கெடக்குது எம்புள்ள. ஒங்க பையனாச்சும் தானா மூச்சு உடறான். நா ஒங்களப் பாத்து ஏங்கறனுங்க."

"அப்பொ மாத்திக்கலாமுங்களா?" என்றார் பழனிசாமி.

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். டீ வாங்கி வரச் சண்முகம் எழுந்து போனார்.

அடுத்த நாள் பையன் அதே நிலையில் இருந்தான். பெண் குழந்தை தேறியது. நாளை குழாயை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. மறுநாள் காலையில் பழனிசாமி வழக்கம் போல உள்ளே வந்து மகன் அருகில் நின்றார். நானும் இன்னொரு நர்ஸும் வெண்டிலேட்டர் பக்கம் இருந்தோம். மூச்சுக்குழாயில் சேர்ந்த சளியை உறிஞ்ச வேண்டும். ஒருவர் இயந்திரத்தைக் கழற்றிப் பையை அமுக்க, மற்றவர் உறிஞ்ச வேண்டும். இரண்டு பேரும் தலை நிமிர முடியாத வேலை. முடித்துத் திரும்பியபோது பழனிசாமி வெளியே போய்க்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து முதல் முறையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

பையனின் முனகல் முழுதாக நின்றிருந்தது. நல்லதென்றுதான் யாரும் நினைப்பார்கள். பிறகு விலாவைப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. ஆனால் நெஞ்சு ஏறி இறங்குவதும் குறைந்திருந்தது. ஊதிய மாதிரி அப்படியே நின்றது. ஆக்சிமீட்டரில் எண் சரிந்தது. ஆக்சிஜனைக் கூட்டினேன். நின்றது, மறுபடி சரிந்தது. உதட்டைச் சுற்றி ஈயப் பாத்திரத்தின் நிறம் வந்தது.

பிரபாகர் ஓடி வந்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார்.

"களைச்சுட்டான். பாட்டில் தாங்கல சிஸ்டர். ட்யூப் போட்டு மிசினுக்கு மாத்திரலாம்."

பாட்டில் போதாமல் போய்விடுமோ என்று நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். பயந்தது நடந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். எதை எதிர்பார்த்துப் பயப்படுகிறோமோ அது வந்தது போலத் தெரிந்தால், வேறு எதையும் கண் தேடுவதில்லை.

கீழே புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் வசந்தாவுக்கு ஆள் போயிற்று. பிரபாகர் வராந்தாவுக்குப் போய்ச் சண்முகத்திடம் பேசினார். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது.

"உங்க கொழந்தைக்கு ட்யூப இன்னிக்கு எடுக்கறதாத்தான் இருந்தோம். இப்பவே எடுக்க வேண்டியதா இருக்கு."

"எடுத்தா தாங்குமுங்களா?"

"தாங்கணும்."

"தாங்கணுமா, தாங்குமா? சரியாச் சொல்லுங்க டாக்டர்."

பிரபாகர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. சண்முகம் பழனிசாமியை ஒரு தடவை பார்த்தார். பெஞ்சின் மறு கோடிக்குப் போய் உட்கார்ந்தார். பழனிசாமி எழுந்து கதவோரம் வந்து நின்றார். மாற்றிக்கொள்ளலாமா என்று விளையாட்டாகக் கேட்ட வாய், இப்போது மேல் துண்டுக்குள் இருந்தது.

நான் தட்டை எடுத்து வைத்தேன். நாக்கைத் தூக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி, குழாய், ஒட்டும் பிளாஸ்திரி. விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது. அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். கை சும்மா இருக்க முடியாமல் செய்த வேலை அது.

டாக்டர் வசந்தா நடந்து வந்தார். ஸ்டூலை இழுத்தார். கை கழுவினார். மூக்கில் விரலை வைத்தார்.

"மேடம், நேரமில்ல," என்றார் பிரபாகர். கையில் விளக்குக் கருவி தயாராக இருந்தது.

"நேரமில்லாததுனாலதானுங்க டாக்டர்."

விரல் நகர்ந்தது. "ஒகட்டி," என்று கேட்டது. தெலுங்கு. மூக்குக் குழல். "ரெண்டு." இணைப்பு. வளைவு. ஈரப்பதம் சேர்க்கும் பாட்டில், மூடி, மீட்டர். மூன்றுக்கு "மூடு." எனக்கு அந்த விரலைப் பிடித்து இழுத்துவிடலாம் போலிருந்தது. மறுபடி மூக்குக்கு வந்தது. வெளிக் குழாயில் இறங்கியது. குழந்தையின் பாதம் கறுத்துக்கொண்டு வந்தது. "நாலுகு."

விரல் கடைசி பாட்டிலின் கழுத்தில் நின்றது. எண்ணிக்கையும் நின்றது.

அந்த அமைதியில்தான் எனக்குச் சத்தம் கேட்டது. குளுகுளு இல்லை. கனமாக, இடைவெளி விட்டு, அடியிலிருந்து வந்தது. கொப்... கொப்... தண்ணீர் பிளாஸ்திரிக்கு மேலே நின்றது. டாக்டர் வசந்தா கோட்டுக்கு மேல் தன் விரல்களைக் கிடையாக வைத்துப் பார்த்தார். இரண்டு விரல். ஐந்து நிற்க வேண்டிய நெஞ்சில் கிட்டத்தட்ட ஒன்பது.

"யாரு தண்ணி ஊத்துனது?"

ஆயா ருக்மணிதான் காலையில் ஆக்சிஜன் பாட்டில்களுக்கெல்லாம் தண்ணீர் நிரப்புகிறவர். வாளியைக் கீழே வைத்துவிட்டார். "நா இல்லீங்கம்மா. சாமி சத்தியமா நா அதத் தொடலீங்க."

"நாந்தானுங்க," என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

பழனிசாமி. உதவி செய்தவரின் குரல் அது.

"தண்ணி கம்மியாயி, கொழாயி காத்து வாங்கிட்டிருந்துச்சுங்க. கெணத்துல இப்பிடித்தான், தண்ணி எறங்கி கொழா நுனி புட்வால்வு வெளிய வந்துச்சுன்னா மோட்டாரு காத்த இழுத்துக் கொப்புளம் உடும். கண்டுக்காம உட்டா காயிலு கருகிப்போயிரும். அதான் கீழ இருந்த கேன்ல இருந்து ரெண்டு வெரக்கடை ஊத்துனனுங்க. ஏனுங்க, பத்தலீங்களா?"

கோடையில் கிணற்று மட்டம் இறங்க இறங்கக் குழாயை நீட்டி நீட்டி இறக்கிய மனிதர். தண்ணீருக்குள் குமிழி வந்தால் ஆபத்து என்பது அவருக்கு உடம்பில் ஊறிய அறிவு. குமிழி வருவதுதான் இங்கே சிகிச்சை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் வசந்தா குழாய் நுனியைக் கோட்டின் அளவுக்கு மேலே தூக்கிப் பிடித்து என் கையில் கொடுத்தார். "இனி நாங்க ஊத்திக்கறோமுங்க," என்றார் அவரிடம், திரும்பாமலே. பிறகு எங்களிடம், "ஜன்னலச் சாத்துங்க. லைட்ட அணைங்க. டார்ச்சு."

பட்டப்பகலில் அந்த அறையை இருட்டாக்கினோம். முனையில் கறுப்புத் தாள் சுற்றிய டார்ச்சைக் குழந்தையின் இடது நெஞ்சில் வைத்தார். தோலுக்கடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. அவ்வளவுதான் இருக்க வேண்டும். வலது நெஞ்சில் வைத்தார். அந்தப் பக்கம் முழுதும், கழுத்திலிருந்து வயிறு வரை, உள்ளே விளக்கு வைத்த மாதிரி எரிந்தது. விலா எலும்புகள் கம்பி கம்பியாகத் தெரிந்தன. நுரையீரல் கிழிந்து, காற்று வெளியே கசிந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் நிரம்பி, நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அத்தனை அழகான பயங்கரத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஊசி."

இரண்டு பக்கமும் இறக்கை வைத்த மெல்லிய ஊசி. அதன் பின்னே நீளும் வால் நுனியை, சுத்தமான தண்ணீர் வைத்த கிண்ணத்துக்குள் நான் பிடித்துக்கொண்டேன். காறை எலும்புக்குக் கீழே விரலால் விலாவை எண்ணி, மூன்றாவது எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி அவர் ஊசியை இறக்கினார். கீழ் விளிம்பில் ரத்தக்குழாய் ஓடும், அங்கே குத்தக் கூடாது. கிண்ணத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு மயிரிழை இன்னும் உள்ளே போனார்.

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் சரம் சரமாக வந்தது.

ஆக்சிமீட்டர் எண் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஏறியது. ருக்மணி ஜன்னலைத் திறந்தபோது குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

பிரபாகர் விளக்குக் கருவியைத் தட்டில் வைத்தார். குழாய் உள்ளே போயிருந்தால், இயந்திரம் அந்தக் கிழிசல் வழியே கணக்குத் தவறாமல் காற்றைத் தள்ளியிருக்கும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண் குழந்தையின் குழாயில் யாரும் இன்னும் கை வைத்திருக்கவில்லை. அதன் இயந்திரம் தன் பாட்டுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே பழனிசாமி கிண்ணத்தில் வரும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குமிழி நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. கண் என்னிடம் கேட்டது. நல்லது என்று தலையை ஆட்டினேன்.

காற்று வடிய நெஞ்சில் குழாய் வைத்தோம். பையன் பாட்டிலிலேயே தொடர்ந்தான், கோட்டுக்கு நேராக. அந்த வழியே போகிற ஒவ்வொருவரும், ஆயா முதல் டாக்டர் வரை, குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். பயம் தீர்ந்து நாங்கள் இருந்ததாக ஒரு நாளும் நினைவில்லை. பெண் குழந்தைக்கு மறுநாள் நிதானமாகக் குழாயை எடுத்தார்கள். அது தாங்கியது. சண்முகம் இரண்டு டம்ளர் டீயோடு வந்து பெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது.

தண்ணீர் ஊற்றிய அன்று நடந்த கூட்டத்தில் பிரபாகர் சொன்னார்: "இனிமே பெத்தவங்கள உள்ள விடக்கூடாது மேடம்."

"தண்ணிக் கேன உள்ள விடக்கூடாதுங்க டாக்டர்," என்றார் டாக்டர் வசந்தா.

கேன் பூட்டுப் போட்ட அலமாரிக்குப் போனது. பாட்டிலுக்குப் பதில், கோட்டின் மட்டத்தில் துளை போட்ட பிளாஸ்டிக் ஜாடி வந்தது. யார் எவ்வளவு ஊற்றினாலும் மிச்சம் வெளியே வழிந்துவிடும். உள்ளே வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும், இந்தக் குமிழி எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கமானது. மோட்டார் வைத்திருப்பவர்களிடம் இரண்டு தடவை சொல்வோம்.

பழனிசாமியிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் உள்ளே வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட்டில் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார். குழந்தையைத் தொடச் சொன்னால், "இருக்கட்டுமுங்க சிஸ்டர், தூங்கறான்," என்பார். முழித்திருந்தாலும் அதையே சொல்வார்.

வாரங்கள் போயின. குழல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பையன் பால் குடித்தான், எடை கூடினான். வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து முன்பே வந்து சேர்ந்திருந்த அவர் மனைவி, கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். டாக்டர் வசந்தா குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நெஞ்சின் தழும்பைப் பார்த்தார். பழனிசாமி அந்த நேரத்துக்காகக் காத்திருந்தவர் போலக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லிப்போடுங்க. அன்னிக்கு நா ஊத்துன தண்ணியாலதானுங்களா?"

நான் டாக்டரைப் பார்த்தேன். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

"ஆமாங்க," என்றார் அவர். "அந்தத் தண்ணியாலதான்."

பழனிசாமி பின்னால் கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அந்தக் கேன உங்க கைக்கு எட்டற மாதிரி வெச்சது நாங்க. இது மோட்டாரு இல்லீங்கன்னு ஒரு வார்த்த சொல்லாததும் நாங்க. உங்க கெணத்துல நா எறங்கியிருந்தா, நானும் ஏதாச்சும் செஞ்சுபோட்டுத்தான் வந்திருப்பேன். கையை நீட்டுங்க."

"வேண்டாமுங்க. அவ வருவா. அவகிட்டக் குடுங்க."

"காரமடையில இருந்து யாரு மடியில வந்தானுங்க இவன்?"

டாக்டர் வசந்தா காத்திருந்தார். அவசரத்தில் அவர் நடந்து வருவதைப் போலவே இருந்தது அந்தக் காத்திருப்பும். கடைசியில் பழனிசாமி இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். குழந்தையை அதில் வைத்தார் டாக்டர். தன் உள்ளங்கையை அடியிலிருந்து எடுக்கவில்லை.

"கீழ உட்டுருவேனுங்கம்மா."

"உடமாட்டீங்க. மூக்குல இருந்து ஆரம்பிங்க. மூக்கு விரியுதுங்களா?"

"இல்லீங்க."

"கழுத்துக்குழி உள்ள போகுதுங்களா?"

"இல்லீங்க."

"நெஞ்சப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறுதுங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஒரே மாதிரித்தானுங்க," என்றார்.

"எண்ணுங்க," என்று சொல்லி டாக்டர் வசந்தா தானே எண்ணத் தொடங்கினார். "ஒகட்டி, ரெண்டு, மூடு..."

தெலுங்கில் எண்ணுவதைக் கேட்டதும், என் கை தானாக ஆக்சிஜன் மீட்டருக்குப் போயிற்று. அங்கே மீட்டர் இல்லை. குழந்தை கொட்டாவி விட்டது. பழனிசாமியின் உதடு அசைந்தது.

"நாலு," என்றார் அவர். "அஞ்சு. ஆறு."

டாக்டர் வசந்தா உள்ளங்கையை மெல்ல உருவிக்கொண்டார். பழனிசாமி அதைக் கவனிக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தார்.